முதலில் ஊது

இறைச்சிக் கடை நானாவுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு வந்துவிடும். சனிக்கிழமை காலையில் தொடை, ஈரல், எலும்பு என்று ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, நான் பின்னால் நின்று, "சுவாசப்பை இருக்கிறதா? குழாயோடு வேண்டும், கத்தி பட்டிருக்கக் கூடாது" என்று கேட்பேன். "பூனைக்குப் போடுகிற சாமானுக்கு இவ்வளவு கண்டிப்பா டீச்சர்?" என்பார். ஆனால் மறக்காமல் எடுத்து வைத்திருப்பார். காசும் வாங்க மாட்டார். போன சனிக்கிழமை பையைக் கையில் தரும்போது, "பரீட்சையில் பிள்ளைகளுக்கு ஆடு வருமா?" என்று கேட்டார். வராது. பரீட்சையில் வருவது வரிப்படம். அம்புக்குறிக்குப் பக்கத்தில் பெயர் எழுதச் சொல்வார்கள். அந்த வரிப்படத்தை மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்காகத்தான் ஆட்டைத் தேடிப் போகிறேன்.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைதான் வகுப்பறை. தரம் 10 பிள்ளைகள் பதினொரு பேர். மேசையில் பழைய பத்திரிகை, ஒரு வாளி தண்ணீர், கையுறைகள், என் மகனுடைய சைக்கிள் பம்ப். எங்கள் பாடநூல் சுவாசப்பை என்று சொல்வதைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் நுரையீரல் என்கின்றன. எங்கள் வாதனாளி அங்கே மூச்சுக்குழல். எங்கள் பிரிமென்றகடு அங்கே உதரவிதானம். பிரிமென்றகடு என்ற சொல்லை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பதே சுவாசப் பயிற்சிதான். ஆனால் நுரையீரல் என்ற பெயரைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. சுவாசப்பை என்றதும் பிள்ளைகள் இரண்டு வெறும் பைகளைத்தான் நினைக்கிறார்கள். உள்ளே பை என்று ஒன்று இல்லவே இல்லை. இருப்பது நுரை.

முதலில் வாதனாளியை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். முன்பக்கம் காதுமடலைப் போல வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்கிறது. பின்பக்கம் மெத்தென்று இருக்கிறது. கசியிழைய வளையங்கள், அதாவது குருத்தெலும்பு வளையங்கள், முழு வட்டமாக இல்லாமல் பின்பக்கம் திறந்திருப்பதுதான் காரணம். களம், அதாவது உணவுக்குழாய், அந்தத் திறந்த பக்கத்தோடு ஒட்டியே இறங்குகிறது. பெரிய சோற்று உருண்டை ஒன்று இறங்கும்போது வாதனாளி கொஞ்சம் விலகி இடம் கொடுக்க வேண்டாமா? மனிதருக்கு இந்தக் குழாய் 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம், 16 முதல் 20 வரையான வளையங்கள்.

அதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "டீச்சர், புத்தகத்தில் இரண்டு கிளைதானே? இங்கே மூன்று இருக்கிறது" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு முறை பார்த்தேன். இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன், இதைத் தானாகக் கண்டுபிடித்த இரண்டாவது பிள்ளை அவள். ஆடு, மாடு, பன்றி இவற்றுக்கு வாதனாளி இரண்டாகப் பிரிவதற்கு முன்பே வலது பக்கம் தனியாக ஒரு கிளை புறப்பட்டு மேல்சோணைக்கு, அதாவது சுவாசப்பையின் மேல் மடலுக்கு, போய்விடும். நமக்கு அது கிடையாது. நமக்கு வலது பக்கம் மூன்று சோணை, இடது பக்கம் இதயத்துக்கு இடம் விட்டு இரண்டு சோணை. வலது கிளை இடதைவிடக் குட்டையானது, அகலமானது, அதிகம் செங்குத்தானது. ஆகவே சிறு பிள்ளை கச்சானைக் கொறித்தபடி சிரித்தால், புரையேறிப் போகும் பருப்பு பெரும்பாலும் வலது பக்கம்தான் போய் அடைக்கும். எங்களுக்குக் கச்சான் என்றால் கடலையும்தான், வெயில் காலத்தில் மேற்கிலிருந்து வந்து தொண்டையை உலர்த்தும் காற்றும்தான். இரண்டும் மூச்சுக்கு எதிரிகள் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். தூசியோடு அந்தக் காற்று அடிக்கும் நாட்களில் நான் சிரிப்பதில்லை.

பிறகு பம்ப். குழாயை வாதனாளிக்குள் செருகி நூலால் இறுக்கிக் கட்டி, மகனை மெதுவாக அடிக்கச் சொன்னேன். பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடந்தது அசைந்தது. கருஞ்சிவப்பு வெளிறி வெளிறி ரோசாப்பூ நிறமானது. சுருங்கிக் கிடந்த ஓரங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரு சோணை திறந்து முடிந்த பிறகே அடுத்தது திறந்தது. எல்லாம் ஒரேயடியாக ஊதவில்லை. கடைசியில் பத்திரிகையின் ஓரம் வரைக்கும் பரந்து நின்றது. பம்பைக் கழற்றினேன். உஸ்ஸென்று ஒரு நீண்ட சத்தம். யாரும் தொடவில்லை, யாரும் அமுக்கவில்லை. அதுவாகவே சுருங்கிப் பழைய துணியாகிவிட்டது.

"தானாகவே விடுகிறது டீச்சர்" என்றான் ஒருவன்.

அவன் சொன்னதுதான் பாடம். நாம் இழுக்கும் மூச்சுக்குத்தான் வேலை தேவை. பிரிமென்றகடு கவிழ்த்த கிண்ணம் போல மேலே குவிந்திருக்கிறது. அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்குகிறது. பழுவிடைத் தசைகள் பழுக்களை, அதாவது விலா எலும்புகளை, மேலும் வெளியேயும் தூக்குகின்றன. மார்புக் கூட்டின் கொள்ளளவு கூடுகிறது, உள்ளே அழுத்தம் சற்றே குறைகிறது, வெளிக்காற்று உள்ளே வந்துவிடுகிறது. சுவாசப்பை தானாக எதையும் இழுப்பதில்லை. அதில் இழுக்கக்கூடிய தசையே இல்லை. மார்புச் சுவரோடு அது ஒட்டி நிற்பது, ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் பிரியாமல் வழுக்கிக்கொண்டு நிற்பது மாதிரி. வெளிமூச்சுக்கு, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, எந்தத் தசையும் வேலை செய்யத் தேவையில்லை. இழுத்து விட்ட இறப்பர் போல அது திரும்புகிறது. இலவசம். இலவசமாகக் கிடைப்பதால்தானோ என்னவோ, பாடநூலில் உள்மூச்சுக்கு ஒரு பக்கமும் வெளிமூச்சுக்கு "இதற்கு எதிர்மாறாக நிகழும்" என்று அரை வரியும். அந்த அரை வரியோடு எனக்குப் பல வருடப் பகை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதற்கு முன் நுரையை முடித்துவிடுகிறேன். ஒரு சிறு துண்டை வெட்டி வாளியில் போட்டால் மிதக்கும். ஈரல் துண்டு தாழும், சுவாசப்பைத் துண்டு மிதக்கும். எவ்வளவு விட்டாலும் முழுவதும் விட முடியாது என்பதற்கு அதுதான் சாட்சி. வளர்ந்த மனிதரின் நெஞ்சில், முழு மூச்சையும் விட்ட பிறகும் 1.2 லீற்றர் அளவு காற்று தங்கிவிடும். வாதனாளியிலிருந்து தொடங்கி ஏறத்தாழ 23 தரம் கிளை பிரிந்து போனால் கடைசியில் சிற்றறைகள். 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் நாலில் ஒரு பங்குதான். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர், பட்மின்டனில் ஒற்றையர் ஆடும் களத்தின் அளவு. நுரை என்றால் குமிழி, குமிழி என்றால் உடையும், சிறியது சுருங்கிப் பெரியதற்குள் போய்விடும். அப்படி நடக்காமல் சிற்றறைச் சுவரில் சவர்க்காரம் போன்ற ஒரு பதார்த்தம் பூசப்பட்டிருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது அந்தப் பூச்சு இன்னும் போதுமான அளவு சுரக்காததால் என்று 1959 இல் மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர் காட்டினார். சிற்றறைச் சுவருக்கு அப்பால் மயிர்த்துளைக் குழாய். இரண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு செங்குழியம் அந்த இடத்தைக் கடக்க முக்கால் செக்கன் எடுக்கிறது. கால் செக்கனிலேயே ஒட்சிசனை நிரப்பிக்கொண்டுவிடுகிறது. மிச்ச அரைச் செக்கன் கைச்செலவுக்கு.

இனி என் பகை. அதைச் சொல்ல அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இன்றைக்கும் அவர் விறாந்தை மூலையில் கதிரையில் இருந்து வகுப்பைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்பா திருக்கடலூர்க்காரர். வெறும் மூச்சில் சங்கும் சிங்கிறாலும் எடுத்தவர். கையில் ஒரு கம்பி, இடுப்பில் ஒரு வலைப்பை, முகத்தில் ஒரு கண்ணாடி. ஐந்து பாகம், ஆறு பாகம் இறங்குவார், நல்ல நாளில் எட்டு. ஒரு பாகம் என்றால் ஆறு அடி. கோணேசர் மலையடியில் தண்ணீருக்குள் கிடக்கும் பழைய கோயில் தூண்களை 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சிலிண்டர் கட்டி இறங்கிப் பார்த்தார்கள் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், "நாங்கள் சிலிண்டர் இல்லாமல் பார்த்தோம், எங்களிடம் கமரா இல்லை" என்பார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. இறங்குவதற்கு முன் மூன்று மூச்சு. "நாலாவது மூச்சு யமனுக்கு" என்பார். புது ஆட்கள் பத்து, இருபது என்று வேகவேகமாக இழுத்து விடுவார்கள். அப்படிச் செய்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கலாம் என்பது அனுபவத்தில் உண்மைதான். ஆனால் ஏன் தாக்குப் பிடிக்கிறது என்பதில்தான் யமன் உட்கார்ந்திருக்கிறார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது நெஞ்சு முட்டுகிறதே, அது ஒட்சிசன் குறைவதால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. வெளியே போக வேண்டிய காபனீரொட்சைட்டு இரத்தத்தில் சேர்வதால்தான். அது சேரச் சேர இரத்தமும் மூளையைச் சுற்றியுள்ள திரவமும் அமிலத்தன்மை அடைகின்றன. மூளையின் அடியில் உள்ள நீள்வளைய மையவிழையம் அதை மோப்பம் பிடித்து மணி அடிக்கிறது. மூச்சின் வேகத்தைச் சாதாரணமாக நடத்துவது காபனீரொட்சைட்டுதான் என்று 1905 இல் காட்டியவர்கள் ஜோன் ஸ்கொட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும். ஒட்சிசனுக்கும் ஒரு காவல்காரன் கழுத்து நாடியில் இருக்கிறான், ஆனால் நித்திரைக்காரன். ஒட்சிசன் நன்றாகக் குறைந்த பிறகுதான் எழும்புவான்.

வேகவேகமாக இழுத்து விடுபவன் ஒட்சிசனைக் கூட்டிக்கொள்வதில்லை. இரத்தம் ஏற்கெனவே நூற்றுக்கு 97, 98 நிரம்பித்தான் இருக்கிறது. அவன் செய்வது காபனீரொட்சைட்டை வெளியே கொட்டுவது. அதாவது மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறான். கீழே நேரம் போவது தெரியாது. ஏறி வரும்போது தண்ணீரின் அழுத்தம் குறையக் குறைய, இருக்கிற கொஞ்ச ஒட்சிசனும் இரத்தத்துக்குள் போக மறுக்கும். கரை வந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில், தலைக்கு மேல் ஒரு பாகத் தண்ணீரில், விளக்கு அணைந்துவிடும்.

எங்கள் ஒழுங்கையிலிருந்த ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆனது. அப்பாதான் தலைமயிரைப் பிடித்து வள்ளத்தில் இழுத்துப் போட்டார். வள்ளத்தில் இருந்த ஒருவருக்கு முதலுதவி தெரிந்திருந்தது. மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஊதினார். பையன் இருமினான். இன்றைக்கு அவனுக்குப் பேரப்பிள்ளைகள். நாம் உள்ளே இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஒட்சிசன், வெளியே விடும் காற்றில் இன்னும் 16 சதவீதம் இருக்கிறது. நாம் வேண்டாம் என்று விடுகிற மூச்சு இன்னொருவருக்கு உயிர் பிடிக்கப் போதும்.

மாறாகக் காபனீரொட்சைட்டு 0.04 இலிருந்து 4 சதவீதமாக, நூறு மடங்காகக் கூடி வெளியே வருகிறது. இதைக் காட்ட ஆய்வுகூடம் தேவையில்லை. அம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்து ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி, ஓர் இரவு அடைய விட்டு, மேல் தண்ணீரைத் துணியில் வடித்தெடுத்தால் தெளிந்த சுண்ணாம்பு நீர். இளநீர்க் குழாயால் அதற்குள் ஊதினால் பால் போல வெளுக்கும். சைக்கிள் பம்பால் அதே அளவு காற்றைச் செலுத்தினால் தெளிந்தபடியே இருக்கும். ஊதும்போது மறந்தும் உறிஞ்சக் கூடாது, வாய் வெந்துவிடும். வருடத்தில் ஒருவனாவது உறிஞ்சுவான்.

அப்பாவின் மகளுக்கோ தொய்வு, அதாவது ஆஸ்துமா. கடல் தந்த பரிசு என்று அம்மா திட்டுவாள். மார்கழி வாடைக்காற்று தொடங்கினால் என் நெஞ்சில் பூனைக்குட்டி குடியேறிவிடும். 1990 மார்கழியில் ஓர் இரவு. எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரடங்கு. வெளியே மழை, லாம்பு வெளிச்சம். இழுப்பு கூடிக்கொண்டே போனது. அம்மா ஆடாதோடை இலையை அவித்துக் கொடுத்தாள். அதில் இருக்கும் வசிசின் என்ற பொருளை வைத்துத்தான் பின்னாளில் புரோமெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தைச் செய்தார்கள் என்பதைப் படிக்கும்போது அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்று சளியை இளக்கினால் போதாது, குழாயே நெருங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அன்ரி, "இழு பிள்ளை, நன்றாக இழு" என்று முதுகைத் தடவினார். நான் இழுத்தேன். இன்னும் இழுத்தேன். இழுக்க இழுக்க இடம் இல்லாமல் போனது. நெஞ்சு பீப்பாய் போல உயர்ந்து அப்படியே நின்றுவிட்டது.

அப்பா எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் என் பழுக்களில் வைத்தார். "இழுக்காதே. உள்ளே இடம் இல்லை. முதலில் ஊது. தேநீரை ஆற்றுகிற மாதிரி ஊது. ஊதிய பிறகு அது தானாக வரும்" என்றார். உதட்டைக் குவித்து ஊதினேன். அவர் கை மெதுவாக அமுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு எண்ணி முடிக்க முதலே மூச்சு முட்டியது. அடுத்ததில் மூன்று எண்ணினார். விடியும்போது ஆறு.

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் சொன்னது உடற்றொழிலியல் என்று எனக்குப் பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்தது. தொய்வில் சிறு குழாய்களின் சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, உள்ளே சளி கட்டிக்கொள்கிறது. குழாயின் ஆரை பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. உள்ளே இழுக்கும்போது மார்பு விரிவதால் அந்தக் குழாய்களும் சற்று இழுபட்டுத் திறக்கின்றன. வெளியே விடும்போது சுற்றிலும் அழுத்தம் வந்து அவற்றை மேலும் நெரிக்கிறது. ஆகவே உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. பூனைக்குட்டி கத்துவதும் பெரும்பாலும் விடும் மூச்சில்தான். அந்த இலவச வெளிமூச்சுக்கு அப்போது கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது, வயிற்றுத் தசையை எல்லாம் கூப்பிட்டு. உதட்டைக் குவித்தால் வாயில் ஒரு தடை ஏற்பட்டு, குழாய்களுக்குள்ளே அழுத்தம் கொஞ்சம் நிற்கும். அவை மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேற நேரம் கிடைக்கும்.

அப்பாவுக்கு இது எங்கிருந்து தெரியும்? தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் சுழியோடிகள் எல்லோரும் செய்வதுதான். இழுப்பதற்கு முன் உதட்டைக் குவித்து ஊதி விடுவார்கள். கொரியாவின் ஜேஜு தீவில் சுழியோடும் பெண்கள் அதைச் சீழ்க்கையாகவே அடிக்கிறார்கள். சும்பிசோரி என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அந்தப் பெண்களின் வாழ்முறையை யுனெஸ்கோ 2016 இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கரையில் அதற்குப் பெயர் இல்லை. பிராணாயாமம் படித்தவர்கள் பூரகத்துக்கு 16 மாத்திரை என்றால் இரேசகத்துக்கு 32 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையை விடுங்கள், விடுவதற்கு இரட்டிப்பு நேரம் என்பதை யாரோ நெஞ்சில் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்த பிறகும், ஒரு வைத்தியசாலையில் நெபுலைசர் முகமூடியோடு இருந்த என்னிடம் ஒருவர் வந்து, "ஆழமாக இழுங்கள், ஆழமாக இழுங்கள்" என்று அதட்டினார். பேச மூச்சு இருந்திருந்தால் வகுப்பு எடுத்திருப்பேன். விரலில் மாட்டும் கருவி 95 காட்டியது. "ஒட்சிசன் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1974 இல் கண்ட வழியில் இயங்கும் அருமையான கருவி அது. கொரோனா காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆனால் அது உள்ளே வந்ததைத்தான் எண்ணும். வெளியே போகாமல் நிற்பது அதன் கணக்கில் இல்லை. என் கணக்கைக் காட்டுவது ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய்தான். முழு மூச்சை இழுத்து ஒரே வீச்சில் ஊதினால், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வேகத்தில் வெளியே போகிறது என்று முள் காட்டும். நல்ல நாளில் எனக்கு 390. வாடை தொடங்கிய வாரத்தில் 300. அன்று வைத்தியசாலைக்குப் போக முன் 190. தினமும் காலையில் ஊதி, பால் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இறங்கத் தொடங்கினால் நெஞ்சு சொல்வதற்கு முன்பே கொப்பி சொல்லிவிடும்.

சின்ன மாமாவின் கதை வேறு. அவர் சிலிண்டர் கட்டிக் கடலட்டை எடுத்தவர். வெறும் மூச்சில் இறங்குபவன் மேலிருந்து கொண்டுபோன காற்றையே திரும்பக் கொண்டுவருகிறான். கரையில் 6 லீற்றர், 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி 3 லீற்றர், மேலே வந்தால் திரும்ப 6. பொயில் 1662 இல் சொன்ன விதி. சிலிண்டர்காரனோ 10 மீற்றரிலேயே 6 லீற்றரை நிரப்புகிறான். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் 12 லீற்றருக்கு நெஞ்சில் ஏது இடம்? கிழியும். ஏறும்போது மூச்சை அடக்காதே என்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். மாமா அந்தப் பாடத்தை மறக்கவில்லை. இரண்டாவது பாடத்தைத்தான் மறந்தார். அழுத்தத்தில் சுவாசித்த நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து நிற்கும். அதுவும் மூச்சு வழியாகத்தான், மெதுமெதுவாக, வெளியே போக வேண்டும். அன்று மூன்றாவது சிலிண்டர், பன்னிரண்டு பாகம், மேலே மழை இருட்டு. அவசரமாக ஏறிவிட்டார். சோடாப் போத்தலைத் திறந்த மாதிரிக் குமிழிகள். பின்னேரம் தோள்மூட்டு வலி, இரவு கால் மரத்துவிட்டது. அழுத்த அறையில் வைத்து இறக்கி எடுத்தார்கள். இப்போதும் இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார்.

எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908 இல் வெளியிட்டவரும் அதே ஹால்டேன்தான். அவரும் கூட்டாளிகளும் அழுத்த அறைக்குள் விட்டுச் சோதித்தது ஆடுகளை. குமிழி பிடித்த ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்குமாம். மேசையில் கிடந்ததைக் காட்டி இதைச் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருவன், "மாமா பிழைத்தது ஆட்டாலா டீச்சர்?" என்றான். மாமா வெள்ளிக்கிழமை மட்டும்தான் மச்சம் சாப்பிடாதவர்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் காசு கொடுத்துப் பார்ப்பதும் ஒரு வெளிமூச்சைத்தான். சித்திரை, வைகாசியில் கோணேசர் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்றால், கடல் கண்ணாடியாகக் கிடக்கும் நாளில், தூரத்தில் ஒரு வெள்ளைப் புகைக் கம்பம் எழும்பி அழியும். நீலத் திமிங்கிலம் ஊதுகிறது. தண்ணீரை ஊதுவதாகச் சுற்றுலா வழிகாட்டிகள் கூடச் சொல்கிறார்கள். இல்லை. சூடான மூச்சு வெளியே வந்ததும் ஈரம் குளிர்ந்து புகையாகிறது, கொஞ்சம் கடல்நீரும் சளியும் சேர்ந்துகொள்கின்றன. நாம் அமைதியாக ஒரு தரம் விடும்போது மாற்றுவது உள்ளே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அரை லீற்றர் இழுத்தால் அதிலும் 150 மில்லிலீற்றர் குழாய்களிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறது. திமிங்கிலம் ஒரே ஊதலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மாற்றிவிடும். இரவில் வள்ளத்தில் கிடக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் வலையைக் கூட மறந்துவிடுவோம் என்பார் அப்பா. கோயில் துருத்தி ஒன்று கடலுக்குள் கிடக்கிற மாதிரி இருக்குமாம்.

அவருக்கு இப்போது 78. நாற்பது வருடம் பீடி. சிற்றறைச் சுவர்கள் பல இடிந்து சிறு குமிழிகள் பெரிய குமிழிகளாகிவிட்டன என்று படம் சொல்கிறது. இறப்பர் தளர்ந்துவிட்டது. தானாகச் சுருங்க வேண்டியது சுருங்குவதில்லை. இழுப்பதில் அவருக்கு இன்றும் குறையில்லை. பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரியை மட்டும் பேரன்தான் அணைக்கிறான்.

மேசையைத் துடைத்த பிறகு பிள்ளைகள் என் ஊதும் குழாயை எடுத்து வரிசையாக ஊதிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு அட்டை வாய்க்குழாய் மாற்றிக் கொடுத்தேன். 380, 410, ஓட்டக்காரப் பையனுக்கு 520. அப்பா மூலையிலிருந்து கையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, இறங்கப் போகிறவர் போல மூன்று மூச்சு எடுத்து, ஊதினார். 150.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுதான டோர்ச் லைட்டைத் தட்டுவது போலக் கதிரைக் கையில் இரண்டு தட்டுத் தட்டினார். "முள் இறுகிக் கிடக்கிறது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் ஊதினார்.

160.

"பார், இளகுகிறது" என்றார். "கொப்பியில் எழுது பிள்ளை."